கொக்கியில் தொங்கவிட்ட கை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்திவிட்டு வரட்டும். இன்றைக்கு நான் சொல்லப்போவது அடிதடிக் கதை. இதில் பல் தெறிக்கும், மூக்கு உடையும், நெருப்பும் வரும். மனசு இளகியவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பற்றிய கதைதான், பிடித்துக்கொண்டே கேட்கலாம்.

ஒரு வெல்டர் இருந்தான். வாட்டசாட்டமான ஆள். வாய் அதிகம் பேச மாட்டான், அவனுக்குப் பதிலாகக் கைதான் பேசும். அவன் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒருநாள் சந்துத் திருப்பத்தில் ஒரு கார்க்காரன் அவள் வேனை உரசினான். உரசியது போதாதென்று இறங்கி வந்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான். பட்டறையிலிருந்து இதைப் பார்த்த வெல்டர், கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் நடந்து வந்து ஒரு குத்து விட்டான். கார்க்காரனின் தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. விழுந்தவனை அவன் விடவில்லை. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து மேலும் மேலும் இறக்கினான். அந்த நேரத்தில் அவனுக்குக் காது கேட்காது. மனைவி முதுகில் அறைந்து, முடியைப் பிடித்து இழுத்து, கடைசியில் வேன் ஹாரனை விடாமல் அழுத்திய பிறகுதான் எழுந்தான்.

அன்று மாலை வேனைக் கழுவும்போது படியில் ஒரு பல் கிடந்தது. அவள் அதைத் தண்ணீரோடு தள்ளிவிடவில்லை. எடுத்து வந்து அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவன் உன்னைப் பேசினான்ல?" என்றான் வெல்டர், தட்டைப் பார்த்தபடி.

"பேசினான். நானும் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் வாய்க்கு என்ன குறைச்சல்? உங்களை யாரு கூப்பிட்டா?" அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "இன்னொரு தடவை உங்க கை எவன் மேலயாவது விழுந்துச்சுன்னு வைங்க, நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். கண்ணாடியில கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அவன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். ஆனால் சத்தியம் செய்தது வாய். பாவம், கைக்கு அது எப்படித் தெரியும்? கோபம் வந்தால் விரல்கள் தாமாகவே மடங்கின.

இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் தம்பியின் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தாள். பெயர் 'கூண்டு'. இரும்புக் கூண்டுக்குள் இரண்டு பேர் வெறுங்கையால் மோதுவார்கள். விலா எலும்பு உடைகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கும். ரத்தம் திரையில் வழியும். "அடிக்கணும்னா இங்க அடிங்க. எவன் தாடையை வேணா பேத்து எடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்," என்று கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவன் கூண்டுக்குள் இறங்கிவிடுவான். அரைக்காதன் என்று ஒரு சண்டைக்காரன் அதில் உண்டு. ஒரு காது கடிபட்டுப் பாதிதான் இருக்கும். அவன்தான் வெல்டரின் ஆள். அரைக்காதனை வைத்து இவன் மூட்டுகளை முறிப்பான், மூக்கை நசுக்குவான், எதிராளியின் தலையைக் கம்பியில் தேய்ப்பான். அதன்பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, மனைவிக்குத் துணி மடித்துக் கொடுப்பான். இரும்புத்தூள் வாசம் ஏறிய அந்தக் கன்ட்ரோலரில் அவன் கட்டைவிரல் படுகிற இடம் தேய்ந்து குழிந்துபோயிருந்தது. வேறு யார் பிடித்தாலும் அது சரியாக உட்காராது.

இப்போது மைத்துனனுக்கு வருவோம். அவனைத் தெருவே டெமோ என்றுதான் கூப்பிடும். எந்தப் புது விளையாட்டையும் கொஞ்சம் ஆடக் கொடுப்பான். ஆட்டம் சூடு பிடிக்கும்போது பிடுங்கிக்கொண்டு "மிச்சத்தைக் காசு கொடுத்து ஆடு" என்பான். அவன் கல்யாணத்தில் சாப்பாட்டையும் அப்படித்தான் பரிமாறினான் என்று ஒரு பேச்சு உண்டு.

டெமோவின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பதிவு செய்ய முன்பணம் வாங்க மாட்டான். முன்பணம் கொடுத்தவன் நாளைக்கே வந்து மனசு மாறிவிட்டது என்று நிற்பானாம். அதனால், யாருக்கு விளையாட்டு வேண்டுமோ அவர்கள் தம் சொந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து கடைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். விளையாட்டு வந்து, பெட்டியைக் காசு கொடுத்து எடுக்கும்போதுதான் கொக்கி காலியாகும். அதுவரை அவர்கள் வீட்டில் எந்த விளையாட்டும் ஆட முடியாது. "பசியோட இருந்தாத்தான் சாப்பாடு ருசிக்கும்," என்பான் டெமோ.

'கூண்டு' இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. என்ன கதை, எத்தனை சண்டைக்காரர்கள், எப்படி ஆடுவது, ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு படம். வெள்ளைத் துணி சுற்றிய ஒரு முஷ்டி. டெமோ அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் ஒட்டினான். பார்த்தவர்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறியது. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஜிம் மாஸ்டர் முதல் ஆளாக வந்து தன் கன்ட்ரோலரை மாட்டினான். கூரியர்க்காரன் மாட்டினான். தெருவில் பாதி ஆண்பிள்ளைகள் மாட்டினார்கள். சுவர் முழுக்க வெட்டிய கைகளைத் தொங்கவிட்டதுபோல இருந்தது.

வெல்டரும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனான். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"என்ன விளையாட்டுன்னே தெரியாது. அதுக்குள்ள என்ன அவசரம்? வந்ததும் பார்த்துட்டு வாங்கினா கடை ஓடியா போகும்?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் டெமோ. "துணி சுத்தின முஷ்டியைப் பார்த்தா தெரியலை? முதல் பாகத்துல எலும்பு உடைஞ்சுது. இதுல எலும்பு தூளாகும்."

"நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா? படமே பேசுதே."

"படத்துக்கு வாய் இருக்கோ இல்லையோ, உனக்கு நல்லா இருக்குடா." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இது இல்லாம உங்க கை சும்மா இருக்குமா? அதை யோசிச்சீங்களா?"

"சீக்கிரம் வந்துடும்," என்று சொல்லிக் கொக்கியில் மாட்டிவிட்டான் வெல்டர்.

சீக்கிரம் வரவில்லை. தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் ஒவ்வொரு முறையும் அதே முஷ்டியைத்தான் காட்டியது.

தெருவின் குணமே மாறிவிட்டது. கூரியர்க்காரன் சிக்னலில் ஒருவனை ஹெல்மெட்டால் அடித்து மண்டையைப் பிளந்தான். ஜிம் மாஸ்டர் தன்னிடம் பயிற்சிக்கு வந்தவன் ஒருவனின் தோளைத் திருகி மூட்டு நழுவ வைத்தான். டீக்கடை வாசலில் பேச்சு ஆரம்பித்தால் சட்டைக் கிழிசலில்தான் முடிந்தது. வெல்டர் யாரையும் தொடவில்லை. ஆனால் பட்டறையில் ஒரு இரும்புக் கதவைச் சம்மட்டியால் அடித்து வளைத்து, மறுபடி நிமிர்த்தி, மறுபடி வளைத்தான். அந்தக் கதவு யாரோ வாங்கிப்போகக் காத்திருந்த நல்ல கதவு. வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வான். மனைவி அதைப் பார்ப்பாள். வேன் சாவியை இப்போதெல்லாம் இடுப்பில் சொருகிக்கொண்டே தூங்கினாள்.

ஒருவழியாகப் பெட்டிகள் வந்து இறங்கின. காலையிலேயே கூரியர்க்காரன் காசைக் கொடுத்துத் தன் பெட்டியையும் கன்ட்ரோலரையும் எடுத்துக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஓடி வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரிடா!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினான். "சண்டையே இல்லடா! அத்தனை சண்டைக்காரனும் கிழவனாகிப் படுத்துக் கிடக்கறானுங்க. நாம அவனுங்களுக்குக் கட்டுப் போடணுமாம், மாத்திரை கொடுக்கணுமாம், பிடிச்சு நடக்க வைக்கணுமாம்! அந்தப் படத்துல இருக்கறது சண்டைத் துணி இல்லடா, காயத்துக் கட்டு!"

தெரு முழுக்க வீட்டைவிட்டு இறங்கியது. பிறகு கடையை நோக்கிப் பாய்ந்தது.

"பெட்டி வேண்டாம், கன்ட்ரோலரைக் கொடு" என்றார்கள். டெமோ கல்லாவுக்குப் பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டான். பெட்டிகளைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அவன் வரவழைத்திருந்தான். "மாட்டும்போதே சொன்னேன்ல? பெட்டியை எடுத்தாத்தான் கொக்கி காலியாகும். சொன்னா சொன்னதுதான்."

பட்டறை பக்கத்துக் கட்டடம். வெல்டர் எல்லாவற்றையும் கேட்டான். கை மடங்கியது. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். கூட்டம் தானாக விலகியது. கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி மைத்துனனின் சட்டைக் காலரைப் பிடித்து இந்தப் பக்கம் தூக்கினான்.

"மாமா... மாமா... நான்தான் மாமா," என்றான் டெமோ, கால்கள் தரையில் படாமல்.

"என் கையைக் கொடுடா," என்றான் வெல்டர்.

வலது கை பின்னால் போய்விட்டது. இன்னும் ஒரு மூச்சு, தாடை போயிருக்கும். அப்போது அவனுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த பல் ஞாபகம் வந்தது. வேனின் கண்ணாடியில் திரும்பிப் பார்க்காத ஒரு முகமும் வந்தது. கையை இறக்கினான்.

அவன் இறக்கினான், மற்றவர்களுக்கு இறக்க என்ன காரணம் இருந்தது? ஜிம் மாஸ்டரின் முழங்கை டெமோவின் மூக்கில் இறங்கியது. மூக்கு உடைகிற சத்தம் விளையாட்டில் வருவதுபோல் இல்லை, ஈரமாக இருந்தது. ஒருவன் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் எறிந்தான். சில்லு பறந்து அவன் நண்பனின் கன்னத்தையே கிழித்தது. கூரியர்க்காரன் ஷட்டர் பூட்டை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. விழுந்த டெமோவை வயிற்றில் மிதித்தார்கள்.

வெல்டருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் இங்கே நின்றால் யாரையாவது கொன்றுவிடுவான். மைத்துனனை இழுத்துக் கடையின் உள்மூலைக்குத் தள்ளினான். இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உடம்பையே புல்டோசராக்கிக் கூட்டத்தை வாசலுக்கு வெளியே நெட்டினான். அவன் யாரையும் அடிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளியது தோள்தான். வெளியே வந்து ஷட்டரை இழுத்து மூடினான்.

ஆனால் பூட்டுத்தான் நொறுங்கிவிட்டதே! ஷட்டரை அவன் மிதித்துப் பிடித்தால் அவர்கள் அடியில் கை விட்டுத் தூக்குகிறார்கள். அப்போது வெல்டராகப் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை ஒன்று அவனுக்கு வந்தது. பட்டறையிலிருந்து ஒயரை இழுத்து வந்து, ஷட்டரைச் சட்டத்தோடு பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தான். அந்த வெளிச்சத்தை எவனும் பார்க்க முடியாது; முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில் தரைக்கம்பியோடும் வைத்தான். நிமிர்ந்தபோது அவனுக்குச் சிரிப்பே வந்தது. ஒரு அடிகூட அடிக்காமல் சண்டையை முடித்துவிட்டான். மனைவியிடம் சொல்ல வேண்டும்.

அந்தச் சிரிப்பு உதட்டை எட்டுவதற்குள், ஜிம் மாஸ்டர் பெட்ரோலில் நனைத்த துணியைக் கொளுத்தி ஷட்டருக்கு மேலே இருந்த காற்று ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தான்.

உள்ளே இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டி. பற்றிக்கொள்ளக் கேட்க வேண்டுமா? ஷட்டருக்கு அடியில் கரும்புகை நாக்கை நீட்டியது. உள்ளேயிருந்து டெமோ இரும்பில் அறைந்தான். "மாமா! திற மாமா! மூச்சு முட்டுது!"

திறக்கவா? இறுக்கி மூடியது யார்?

வெல்டர் கட்டிங் மெஷினை எடுத்து வந்து மண்டியிட்டான். பற்றவைத்த பொட்டு ஒவ்வொன்றையும் அறுத்தாக வேண்டும். தட்டு சுழன்றது, பொறி பறந்தது. நெருப்பைப் பார்த்ததும் கூட்டத்தில் பலர் பயந்து விலகினார்கள். ஜிம் மாஸ்டர் விலகவில்லை. கொளுத்தியவனுக்கு நெருப்பைவிட வெறி அதிகம். பட்டறையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான்.

"மச்சானைக் காப்பாத்தறியா? குடும்பமே திருட்டுக் கூட்டம். உள்ளயே கிடந்து வேகட்டும் விடு!"

குழாய் வெல்டரின் முதுகில் விழுந்தது. அவன் அறுப்பதை நிறுத்தவில்லை. இரண்டாவது அடி தோளில். கை ஒருமுறை மரத்து, மறுபடி உயிர் வந்தது. மூன்றாவது அடியில் காதோரம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. ஜிம் மாஸ்டரின் கெண்டைக்கால் அவன் முகத்துக்கு நேர் பக்கத்தில் இருந்தது. கையில் இரும்பையே வெண்ணெய் மாதிரி வெட்டுகிற தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பினால் போதும். மணிக்கட்டைச் சும்மா ஒருமுறை திருப்பினால் போதும். அந்தக் கால் நிற்காது, அந்தக் குழாயும் விழாது. அவன் கை முழுக்க அதற்காகவே ஏங்கியது. காது அடைக்க ஆரம்பித்தது, அன்றைக்கு அடைத்ததுபோலவே.

உள்ளே டெமோவின் அறைதல் மெலிந்தது.

வெல்டர் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், ஒரு கை மற்றொரு கையைக் காவல் காப்பதுபோல. அடுத்த பொட்டுக்கு நகர்ந்தான். முதுகில் அடி விழ விழ, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு," என்று முனகினான். அடியைச் சொன்னானா, பொட்டைச் சொன்னானா, அவனுக்குத்தான் தெரியும்.

ஹாரன் சத்தம் கேட்டது. விடாத ஹாரன். அடைத்த காதுக்குள்ளும் அது நுழைந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய பள்ளி வேன், குப்பைத் தொட்டியைச் சாய்த்துக்கொண்டு நடைபாதையில் ஏறி நின்றது. மனைவி இறங்கினாள். கையில் டயர் கழற்றுகிற ஸ்பேனர்.

வாய்க்குக் குறைச்சல் இல்லாதவள் அன்றைக்குப் பேசவில்லை. குழாயைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்த ஜிம் மாஸ்டரின் முன்கையில் ஸ்பேனரை இறக்கினாள். எலும்பு பச்சைக் குச்சியைப்போல முறிந்தது. அவன் அலறிக்கொண்டு திரும்ப, முட்டியில் ஒன்று. விழுந்தான். தடுக்க வந்த கூரியர்க்காரனின் வயிற்றில் ஸ்பேனரின் முனையை விட்டாள். அவன் காலையில் சாப்பிட்டதைக் கக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

"வேற யாரு?" என்றாள் அவள்.

வேறு யாரும் இல்லை.

கடைசிப் பொட்டு அறுந்தது. வெல்டர் மெஷினை எறிந்துவிட்டு ஷட்டருக்கு அடியில் வெறுங்கையை விட்டுத் தூக்கினான். இரும்பு பழுத்துக் கிடந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசம் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் விடவில்லை. மனைவி அடியில் புகுந்து தம்பியின் காலைப் பிடித்து இழுத்தாள்.

புகையும் சளியும் ரத்தமுமாக வந்து விழுந்தான் டெமோ. கழுத்தில் ஒயர் ஒயராகக் கன்ட்ரோலர்களை மாலை போட்டிருந்தான். கல்லாப்பெட்டியை எடுக்கவில்லை, பெட்டிகளை எடுக்கவில்லை. நெருப்புக்குள் தவழ்ந்து, கொக்கி கொக்கியாகக் கழற்றியிருக்கிறான்.

"எடுத்துக்கோங்கடா," என்று இருமினான். "அவனவன் சனியனை அவனவன் எடுத்துக்கோங்க. ஒண்ணு குறையாது."

ஒவ்வொருவராக வந்தார்கள். குனிந்து, அவன் கழுத்திலிருந்து தங்களுடையதைக் கழற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். சிலர் வாளியும் தண்ணீருமாகத் திரும்பி வந்தார்கள். ஜிம் மாஸ்டருடையது மட்டும் எஞ்சியது. அதைப் பிடிக்க அவனிடம் அப்போது கை இல்லை.

வெல்டர் எரிந்த கைகளை முன்னால் நீட்டியபடி வேன் படியில் உட்கார்ந்திருந்தான். மனைவி வந்து எதிரே நின்றாள்.

"நான் யாரையும் அடிக்கலை," என்றான், பயந்த குழந்தைபோல.

"பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"நீ அடிச்சியே?"

"ஆமா. நான் சொன்னது உங்க கைக்கு. என் கையைப் பத்தி நான் என்னைக்காவது பேசினேனா?" அப்படிச் சொல்லும்போதே ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவியது. முறிந்த எலும்பின் அதிர்வு இன்னும் அவள் விரலில் இருந்தது. "இப்படித்தான் இருக்குமா உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அணைத்துக்கொள்ள அவனிடமும் அப்போது கை இல்லை, அதனால் கன்னத்தை அவள் தலையில் வைத்து அழுத்தினான்.

அதன்பிறகு விசாரணை நடந்தது. ஜிம் மாஸ்டர் உள்ளே போனான். அவளும் ஸ்டேஷன் படி ஏறி இறங்கினாள். அதெல்லாம் நீளக் கதை.

வெல்டரின் இரண்டு கைக்கும் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவள்தான் ஊட்டிவிட வேண்டும். மூக்கில் பஞ்சு அடைத்த டெமோ ஒரு மாலையில் வந்து, மாமாவின் கையை உற்றுப் பார்த்தான்.

"அப்படியே அட்டைப் படம் மாதிரியே இருக்கு மாமா. கம்பெனிக்காரன் உன்னைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கான்."

"டேய்," என்றாள் அக்கா.

நெருப்பில் தப்பிய பெட்டி ஒன்றை அவன் கொண்டுவந்திருந்தான். வெல்டரின் கன்ட்ரோலரை எடுத்து அவள்தான் ஆடினாள். அந்தக் குழிவில் அவள் கட்டைவிரல் உட்காரவில்லை, திட்டிக்கொண்டே ஆடினாள். திரையில் அரைக்காதன் கட்டிலில் படுத்திருந்தான். கிழவன். அவனை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இரண்டு முறை கீழே போட்டுவிட்டாள்.

"மெதுவா. முதுகுக்கு அடியில கை கொடு. அவனுக்கு இடது விலா உடைஞ்சது, நான்தான் உடைய விட்டேன்," என்றான் வெல்டர்.

அரைக்காதன் உட்கார்ந்தான். வெல்டரின் கட்டுக்குள் விரல்கள் அசைந்தன. மடங்குவதற்கு இல்லை, தாங்குவதற்கு.

"மூணாம் பாகம் வருதாம் அக்கா," என்றான் டெமோ, கதவோரம் நகர்ந்தபடி. "ஒரு மூடின கதவுப் படம் மட்டும்தான் விட்டிருக்கானுங்க. என்னன்னு தெரியலை. முன்பதிவு பண்றவங்க..."

"என்னங்க, அந்த ஸ்பேனரை எங்க வச்சேன்?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெமோ படியிறங்கி ஓடிய சத்தம் தெருமுனை வரை கேட்டதாம்.

போதும் கண்ணுகளா, பிடித்த கையை இப்போது விடலாம். விட மனசில்லை என்றால் விட வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவு வேண்டும்போது மூடி, வேண்டும்போது திறக்கட்டும். உங்கள் வீட்டில் ஓங்குகிற கை எதுவும் தாங்குகிற கையாக இறங்கட்டும். அடுப்பைத் தவிர வேறெங்கும் நெருப்பு வராமல், பிள்ளைகள் பெரியவர்கள் எல்லோரும் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல், நன்றாக இருங்கள்.